மாரடைப்பின் திரியைக் கண்ட டாக்டர்

முயல்களைக் கொண்டு மனித குலத்துக்குப் பாடம் சொன்ன ரஷிய மேதை அனிச்கோவின் வாழ்க்கை

தாயில்பட்டிக்காரர்களுக்குத் திரியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வெடி வெடிப்பது ஒரு நொடி. ஆனால் அதன் கதை அந்த நொடியில் தொடங்குவதில்லை. திரியின் நுனியில் நெருப்புப் பட்டதே, அப்போதே தொடங்கி விடுகிறது. நெருப்பு சத்தமில்லாமல் ஊர்ந்து வருகிறது. கடைசியில்தான் சத்தம்.

மாரடைப்பும் அப்படித்தான்.

நேற்று வரை நன்றாக இருந்தாரே, வேலைக்குப் போய் வந்தாரே என்று வீட்டார் கதறுவார்கள். விருதுநகரில் பிறந்த பெருந்தலைவர் காமராசரை 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நம்மிடமிருந்து பறித்துக் கொண்டு போனதும் மாரடைப்புதான்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வியாதி வந்த அன்று உண்டானதல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தக் குழாயின் உள்சுவரில் கொழுப்புப் படியத் தொடங்கி விடுகிறது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. திரி மட்டும் எரிந்து கொண்டிருக்கிறது.

அந்தத் திரியைப் பற்ற வைப்பது எது? சோதனை செய்து விடை கண்டவர் ஒரு ரஷிய டாக்டர். அவர் பெயர் நிக்கோலாய் அனிச்கோவ்.

பிறப்பும் படிப்பும்

1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அனிச்கோவ் பிறந்தார். ஊர், அப்போது ரஷியாவின் தலைநகராக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அவருடைய தந்தை கல்வி இலாகாவில் பெரிய பதவி வகித்தவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. படிப்புக்கும் குறைவில்லை.

1903-ல் அவர் ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1909-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதும் வேலையில் அவர் மனம் செல்லவில்லை. நோய் எப்படி உண்டாகிறது, உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்று ஆராய்வதிலேயே அவருக்கு ஆசை. இதயத் தசையில் ஏற்படும் அழற்சியை ஆராய்ந்து, 1912-ல் உயர் பட்டம் பெற்றார். இதய நோய் ஒன்றில் காணப்படும் ஒரு வகை உயிரணுவுக்கு இன்றைக்கும் அவருடைய பெயரே வழங்குகிறது.

அப்போது அவருக்கு வயது 26.

வயோதிகத்தின் அடையாளமா?

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தால், பலருடைய இரத்தக் குழாய்கள் தடித்து, உட்புறத்தில் மஞ்சள் நிறத் திட்டுகள் காணப்படும். அந்தத் திட்டு பெருத்தால் குழாயின் வழி குறுகும். இதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாயில் அது உடைந்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

இது எதனால் வருகிறது?

வயதாகி விட்டது, அதனால் வருகிறது என்றார்கள் பெரும்பாலான டாக்டர்கள். தலை நரைப்பது போல, தோல் சுருங்குவது போல, குழாயும் கெட்டுப் போகிறது என்று கருதினார்கள். நரைக்கு மருந்து உண்டா? இதற்கும் இல்லை என்று விட்டு விட்டார்கள்.

1910-ல் ஜெர்மனியைச் சேர்ந்த விண்டவுஸ் என்ற இரசாயன நிபுணர் ஒரு செய்தியை வெளியிட்டார். கெட்டுப் போன குழாயின் திட்டுகளில் கொலஸ்ட்ரால் என்ற பொருள் ஏராளமாக இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார்.

கொலஸ்ட்ரால் என்பது என்ன? அது மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். முட்டையின் மஞ்சள் கரு, மூளை, ஈரல் ஆகியவற்றில் மிகுதியாக உண்டு. செடி கொடிகளிலிருந்து வரும் உணவில் கிட்டத்தட்ட இல்லை. அது விஷமல்ல. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் அது வேண்டும். நம்முடைய கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. அளவு மிஞ்சும்போதுதான் ஆபத்து.

ஆனால் திட்டில் அது இருக்கிறது என்பதால் அதுதான் குற்றவாளி என்று சொல்லி விட முடியுமா? திருட்டு நடந்த வீட்டில் நின்றவரெல்லாம் திருடரா? சாட்சி வேண்டும்.

முயலுக்கு இறைச்சி

அனிச்கோவ் படித்த அதே நகரில் இக்னதோவ்ஸ்கி என்ற டாக்டர் இருந்தார். 1908-ல் அவர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். புல்லும் கீரையும் தின்னும் முயலுக்கு இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைக் கொடுத்தார். சில மாதங்களில் முயலின் இரத்தக் குழாய்களில் மனிதனுக்கு வருவது போன்ற திட்டுகள் தோன்றின.

இறைச்சியில் உள்ள புரதச் சத்துதான் இதற்குக் காரணம் என்று அவர் நினைத்தார்.

பிறகு ஸ்டக்கே என்ற டாக்டர் உணவுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். முட்டையின் வெள்ளைக் கருவைத் தின்ற முயலுக்கு ஒன்றும் வரவில்லை. மஞ்சள் கருவைத் தின்ற முயலுக்குத் திட்டு வந்தது. மூளையைத் தின்ற முயலுக்கும் வந்தது.

ஆகவே குற்றவாளி புரதம் அல்ல. மஞ்சள் கருவிலும் மூளையிலும் உள்ள வேறு ஏதோ ஒன்று. அது எது? இந்தக் கேள்வியை அனிச்கோவ் எடுத்துக் கொண்டார்.

1913-ஆம் ஆண்டு

அவருடன் கலாத்தோவ் என்ற மாணவரும் சேர்ந்து கொண்டார். இருவரும் செய்த சோதனை மிகவும் எளிது. எளிதாக இருந்ததே அதன் பெருமை.

சுத்தமான கொலஸ்ட்ராலைப் பிரித்து எடுத்தார்கள். அதைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்தார்கள். ஒரு கூட்டம் முயல்களுக்குத் தினந்தோறும் அதைக் கொடுத்தார்கள்.

இன்னொரு கூட்டம் முயல்களுக்கு வெறும் சூரியகாந்தி எண்ணெயை மட்டும் கொடுத்தார்கள். எண்ணெயே காரணமாக இருந்தால், இந்த முயல்களுக்கும் திட்டு வர வேண்டும் அல்லவா?

மாதங்கள் சென்றன. முயல்களின் இரத்தக் குழாய்களை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள்.

எண்ணெய் மட்டும் உண்ட முயல்களின் குழாய் சுத்தமாக இருந்தது. கொலஸ்ட்ரால் உண்ட முயல்களின் குழாயில் திட்டுகள் படிந்திருந்தன.

சாட்சி கிடைத்து விட்டது. இந்த முடிவை இருவரும் 1913-ல் ஒரு ஜெர்மன் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

திட்டு எப்படி வளருகிறது?

அனிச்கோவ் அதோடு நின்று விடவில்லை. திட்டு முதலில் எங்கே தோன்றுகிறது, பிறகு எப்படி வளருகிறது என்று படிப்படியாகப் பார்த்தார்.

இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்தால் அது குழாயின் உள்சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்குவதற்குச் சில உயிரணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி அவை நுரை போல ஊதிப் போகின்றன. பிறகு அங்கே நார் வளர்ந்து தழும்பு ஏறுகிறது.

குழாய் கிளை பிரியும் இடங்களில், இரத்தம் சுழித்து மோதும் இடங்களில், திட்டு முதலில் வருகிறது. ஆற்றின் வளைவில் வண்டல் படிவதில்லையா? அதுபோல.

இரத்த அழுத்தம் கூடினால் திட்டும் கூடுகிறது. ஆகவே கொலஸ்ட்ரால் ஒன்றே எல்லாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த வியாதி இல்லை என்பது அவருடைய கருத்து.

பின்னால் அவர் கண்ட இன்னொரு உண்மை எல்லாவற்றிலும் முக்கியமானது. கொலஸ்ட்ரால் கொடுப்பதை நிறுத்தி, முயல்களுக்குப் பழையபடி புல்லும் கீரையும் கொடுத்தார். குழாயில் படிந்த கொழுப்பு மெள்ள மெள்ளக் குறைந்தது. தழும்பு மட்டும் மிஞ்சியது.

அதாவது, இது நரையைப் போன்றதல்ல. திரியை நடுவில் அணைக்க முடியும்!

யுத்தமும் பதவியும்

முதல் உலக யுத்தத்துக்கு முன் அனிச்கோவ் ஜெர்மனிக்குச் சென்று, ஃபிரைபர்க் நகரில் அஷோஃப் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். 1914-ல் யுத்தம் மூண்டது. ராணுவ டாக்டராகப் பணி புரிந்தார்.

1917-ல் ரஷியாவில் புரட்சி. சக்கரவர்த்தியின் ஆட்சி போயிற்று. ஊரின் பெயரும் பிறகு லெனின்கிராடு என்று மாறியது. அனிச்கோவ் ஊரை விட்டுப் போகவில்லை. 1920-ல் தாம் படித்த கல்லூரியிலேயே துறைத் தலைவரானார். அதே நகரத்திலிருந்த பரிசோதனை மருத்துவ நிலையத்திலும் ஆராய்ச்சியை நடத்தினார்.

1942-ல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. 1946 முதல் 1953 வரை சோவியத் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இருந்தார்.

ஏன் நம்பவில்லை?

இத்தனை பெருமை இருந்தும், அவருடைய முயல் சோதனையை உலக டாக்டர்கள் பல காலம் ஒப்புக் கொள்ளவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேறு சிலர் எலிக்கும் நாய்க்கும் கொலஸ்ட்ரால் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஒன்றும் வரவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதற்கு ஒவ்வாததைக் கொடுத்தால் கெடத்தான் செய்யும், மனிதனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். விடை பிறகு தெரிந்தது. எலியும் நாயும் மிகுதியான கொலஸ்ட்ராலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றி விடுகின்றன. அவற்றின் இரத்தத்தில் அது ஏறுவதில்லை. 1946-ல் அமெரிக்காவில் நாய்களின் தைராய்டு சுரப்பியை மருந்தால் மந்தமாக்கி, கொலஸ்ட்ரால் கொடுத்தார்கள். இரத்தத்தில் அது ஏறியது. நாய்க்கும் திட்டு வந்தது!

1950-ல் அமெரிக்க விஞ்ஞானி கோஃப்மன் இரத்தத்தை மிக வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டுப் பிரித்தார். கொலஸ்ட்ரால் இரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை, சிறு சிறு மூட்டைகளாகப் போகிறது என்று காட்டினார். அந்த மூட்டைகளில் ஒரு வகையைத்தான் இன்று கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லுகிறோம்.

1953-ல் இன்னொரு செய்தி உலகைத் திடுக்கிட வைத்தது. கொரியா யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைப் பரிசோதித்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. அவர்களில் 100-க்கு 77 பேருடைய இதயக் குழாய்களில் கேடு தென்பட்டது.

22 வயதில் வயோதிகமா? பழைய கொள்கை அடிபட்டுப் போயிற்று.

மருந்து வேட்டை

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தைத் தேடி விஞ்ஞானிகள் புறப்பட்டார்கள். 1955-ல் கனடாவில் ஒருவகை வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறைகிறது என்று கண்டார்கள்.

1960-ல் அமெரிக்காவில் டிரைபாரனால் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. தலைமுடி கொட்டியது. 1962-ல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

விசாரித்தால், பிராணிகளிடம் நடத்திய சோதனையில் கண்ட தீங்குகளைத் தயாரிப்பாளர்கள் மறைத்து, கணக்கை மாற்றி எழுதியிருந்தார்கள்! பிராணி உண்மையைத்தான் சொன்னது. மனிதன்தான் பொய் சொன்னான்.

மறைவு

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி லெனின்கிராடு நகரில் அனிச்கோவ் காலமானார். வயது 79. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் உயிரைக் கொண்டு போனது எது தெரியுமா? எந்த வியாதியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தாரோ, அதே மாரடைப்பு.

தாம் தேடியதற்கு ஏற்ற நல்ல மருந்தை அவர் கண்ணால் காணவில்லை.

அவருக்குப் பின்

அவர் மறைந்த இரண்டாம் ஆண்டு, 1966-ல், நம் நாட்டில் காசி இந்து சர்வகலாசாலையில் சத்யவதி என்ற அம்மையார் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். உடல் பருமனுக்கு ஆயுர்வேத நூல்கள் கூறும் குக்குலு என்ற மரப்பிசினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது. பிறகு அதிலிருந்து மருந்தும் தயாரித்தார்கள். ஆனால் 2003-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை. சற்றுக் கூடவும் செய்தது. முயல் காட்டுவது முதல் வாசல்தான். மனிதரிடம் சோதித்த பிறகே மருந்து மருந்தாகும்.

ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருளை 1973-ல் ஒரு பூஞ்சணத்தில் கண்டெடுத்தார். எலிக்குக் கொடுத்தார். பலனில்லை! வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். அவர் விடவில்லை. முட்டையிடும் கோழிக்குக் கொடுத்தார். குறைந்தது. நாய்க்குக் கொடுத்தார். அப்போதும் குறைந்தது.

அதே ஜப்பானில் வாதனபே என்ற விஞ்ஞானி, பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்த ஒரு முயலை 1973-ல் கண்டு, அதன் வம்சத்தையே வளர்த்தார். சில குடும்பங்களில் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவது ஏன் என்பதை விளக்க அந்த முயல்கள் உதவின. புதிய மருந்துகளைச் சோதிக்கவும் உதவின. இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை உடம்பு எப்படி எடுத்துக் கொள்ளுகிறது என்று விளக்கிய அமெரிக்கர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

எண்டோ காட்டிய வழியில் வந்த முதல் மாத்திரை 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்த வகை மாத்திரைகளுக்கு ஸ்டாடின் என்று பெயர். 1994-ல் வட ஐரோப்பாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் 100-க்கு 30 வீதம் குறைந்திருந்தது.

அனிச்கோவ் முயலுக்கு எண்ணெய் ஊற்றிய நாளிலிருந்து இதற்கு 80 ஆண்டுகள் ஆயின.

நம் வீட்டுக்கு வந்த மாத்திரை

அந்த மாத்திரை இன்று எங்கோ இருப்பதல்ல. தமிழக அரசு 2023-ல் இதயம் காப்போம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சு வலி என்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு, மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் உடனே மாத்திரைகள் கொடுக்கிறார்கள். அவற்றில் ஸ்டாடின் வகையும் ஒன்று.

ஆனால் வெடிக்கும் நேரத்தில் ஓடுவதை விட, திரி எரியும்போதே அணைப்பது நல்லது அல்லவா?

இரத்தப் பரிசோதனை செய்து கொண்டால் கொலஸ்ட்ரால் அளவு தெரிந்து விடும். வீட்டில் யாருக்காவது இள வயதில் மாரடைப்பு வந்திருந்தால், அவருடன் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக் கொள்ள வேண்டும். பீடி, சிகரெட்டை விட வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தாமாக நிறுத்தி விடக் கூடாது. திரி எரியும்போது வலிப்பதில்லை!

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையைப் படித்து விட்டு, சத்துணவில் குழந்தைக்குக் கொடுக்கும் முட்டையைத் தட்டி விட வேண்டாம். முயலின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. உணவில் உள்ள கொலஸ்ட்ரால் முயலின் இரத்தத்தில் ஏறுவது போலப் பெரும்பாலான மனிதர்களுக்கு ஏறுவதில்லை. நெய், வெண்ணெய், வனஸ்பதி, கொழுப்பு மிகுந்த இறைச்சி இவைதான் அதிகம் ஏற்றுகின்றன. விருதுநகர் எண்ணெய் புரோட்டாவை என்றைக்காவது ஒரு நாள் ருசிக்கலாம். அன்றாட உணவாக்கிக் கொள்ள வேண்டாம்.

அனிச்கோவ் பிறந்தது பனி பெய்யும் ஊரில். வெயில் கொளுத்தும் நம் கரிசல் சீமையை அவர் பார்த்ததில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை நம் வீட்டு மருந்துப் பெட்டி வரை வந்திருக்கிறது.

விதி என்று உலகம் கைவிட்ட வியாதியை, இதற்குக் காரணம் உண்டு, காரணம் இருந்தால் பரிகாரமும் உண்டு என்று நிரூபித்தவர் அவர். ஒரு கூட்டம் முயல்களும், சிறிது சூரியகாந்தி எண்ணெயும், விடாத பொறுமையுமே அதற்கு அவருக்குப் போதுமானவையாக இருந்தன.